ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்பவர்

ஆம்புலன்ஸைக் கூப்பிடுபவர் வேறு, கூப்பிடச் சொல்பவர் வேறு. இருவரையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். முன்னவர் சாதாரண மனிதர். அவரிடம் ஒரு போன் இருக்கும், எடுப்பார், பேசுவார், விஷயம் முடிந்தது. பின்னவரிடமும் போன் உண்டு. பெரும்பாலும் முன்னவருடையதைவிட நல்ல போன். அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து, "யாராவது ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுங்கப்பா!" என்று கத்துவார்.

இவரை நீங்கள் பார்க்காமல் இருக்கவே முடியாது. தெருவில் ஒருவர் மயங்கி விழுந்தால் சுற்றி ஒரு வட்டம் கூடுகிறதல்லவா, அந்த வட்டத்துக்கு உள்ளே, விழுந்தவர் முகத்துக்கு நேர் மேலே குனிந்து நின்றுகொண்டு, "எல்லாரும் தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும்" என்று சொல்பவர் அவர்தான். வருகிற காற்றில் பாதியை மறைத்துக்கொண்டு நிற்பவரும் அவர்தான். தண்ணீர் கொண்டுவரச் சொல்வார், கொண்டுவந்தால் இவ்வளவு குளிர்ச்சியாகவா என்பார். உள்ளங்காலைத் தேய்க்கச் சொல்வார், தேய்த்தால் தேய்க்கிற விதம் சரியில்லை என்பார். விழுந்தவர் தானாகவே கண் விழித்து எழுந்து, சட்டையைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டால், அடுத்த ஒரு மாதத்துக்கு, "நான் மட்டும் அங்கே இல்லேன்னா…" என்று ஆரம்பிப்பார். என்ன ஆகியிருக்கும்? காற்று கொஞ்சம் தாராளமாக வந்திருக்கும். அவ்வளவுதான்.

இந்த இனத்தில் பயிற்சி பெறாதவர்களால் பெரிய ஆபத்து இல்லை. யாரும் அவர்கள் பேச்சைக் கேட்பதில்லை. பயிற்சி பெற்றுவிட்டார் என்று வையுங்கள், அப்போதுதான் வினை. அப்படி ஒருவரை உங்களுக்குக் காட்டுகிறேன்.

அட்டைப்பெட்டி செய்கிற தொழிற்சாலை ஒன்றில் அவர் ஸ்டோர் பொறுப்பாளர். பசை வாசனை, காகிதத் தூசி, ஆள் உயரக் காகித உருளைகள், அட்டையில் மடிப்புக் கோடு போடுகிற மெஷினின் ஓயாத டொக் டொக் சத்தம், இவற்றுக்கெல்லாம் நடுவே ஒரு மூலையில் கம்பிவலை போட்ட அறை அவருடையது. சாவிக்கொத்து இடுப்பு பெல்ட்டில் தொங்கும். அவர் கை அசைக்காமல் அங்கிருந்து ஒரு ஆணிகூட வெளியே வராது. ஒட்டு டேப் கேட்டுப் போனால், "டேப்பா? நேத்துதானே வாங்கினே? தின்னுட்டியா?" என்பார். கேட்டவன் தலைகுனிந்து நிற்பான். பிறகு ஒரு விரல் எழும், அலமாரியைக் காட்டும், அவனே போய் எடுத்துக்கொள்ள வேண்டும். இப்படி வருஷக்கணக்கில் அந்த விரலைப் பார்த்துப் பார்த்து, அது எந்தப் பக்கம் நீள்கிறதோ அந்தப் பக்கம் ஓடுவது அங்கிருந்தவர்களின் கால்களுக்கே பழகிப்போயிருந்தது. விரலார் என்றுதான் எல்லோரும் அவரைச் சொன்னார்கள். அவர் இல்லாதபோது.

இருக்கும்போதே சொன்னவன் ஒருவன்தான், அவருடைய மச்சினன். மனைவியின் தம்பி. கோடு போடுகிற மெஷினில் வேலை. "விரல் மாமா, இன்னிக்கு எத்தனை பேரை ஓட வெச்சீங்க?" என்று உணவறையில் எல்லோர் முன்னாலும் கேட்பான். அவர் முறைப்பார். அவன் சிரிப்பான். அவனை அவர் சின்ன வயதிலிருந்தே பார்த்தவர். சைக்கிள் கற்றுக்கொடுத்ததுகூட அவர்தான், அதாவது வாசல் கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, "மிதிடா, மிதி! நேராப் பாரு!" என்று கற்றுக்கொடுத்தார். பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓட யாரும் இல்லை. அவன் தாடையில் இன்னும் ஒரு தழும்பு இருக்கிறது.

ஒருநாள் நிர்வாகம் ஒரு நர்ஸம்மாவை வரவழைத்தது. இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாத ஒரு ரப்பர் பொம்மையோடு வந்தார் அவர். உணவறையில் மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, பொம்மையைத் தரையில் கிடத்திச் சொல்லிக்கொடுத்தார். தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லையா, மூச்சு ஒழுங்காக வருகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உதவிக்கு ஆள் அனுப்புங்கள். உடனே நெஞ்சை அழுத்த ஆரம்பியுங்கள்.

"கூட்டத்தைப் பார்த்து 'யாராவது'ன்னு சொன்னா யாரும் நகர மாட்டாங்க. ஒவ்வொருத்தரும் அடுத்தவர் செய்வாருன்னு நினைப்பாங்க. அதனால ஒரே ஒருத்தரைப் பார்த்து, விரலை நீட்டி, 'நீங்க! போன் பண்ணுங்க!' அப்படின்னு சொல்லணும்" என்றார் நர்ஸம்மா.

விரலாரின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அதுவரை அவர் செய்துவந்ததற்கு அதிகாரம் என்று பெயர். அந்த நிமிடத்திலிருந்து அது மருத்துவம்.

நர்ஸம்மா அடுத்து ஒரு வாக்கியம் சொன்னார்: "ஆனா நீங்க நெஞ்சுல வெச்ச கையை எடுக்கக் கூடாது." அது விரலார் காதில் விழவில்லை. தனக்குத் தேவையானது கிடைத்தபிறகு யார்தான் காது கொடுத்துக் கேட்கிறார்கள்?

ஒவ்வொருவராக மண்டியிட்டு அழுத்தினார்கள். பசைப் பிரிவில் வேலை செய்கிற நெட்டையன் அழுத்தி முடித்ததும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கணக்குப் பிரிவு அக்கா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பொம்மை ஏதோ கடன்காரன் மாதிரி அதைப் போட்டு அழுத்தினார். விரலார் முறை வந்தது.

"எனக்கு முட்டி வலிம்மா. நான் கவனிச்சுக்கறேன்."

"கவனிச்சா வராது சார். கரையில நின்னு நீச்சல் பழகற மாதிரி இது."

"நீச்சல் கோச்சும் கரையிலதாம்மா நிக்கிறார்."

எல்லோரும் சிரித்தார்கள். நர்ஸம்மா சிரிக்கவில்லை. விரலார் முதுகுக்குப் பின்னால் கை கட்டிக்கொண்டு அழுத்துகிறவர்களைச் சுற்றி நடந்தார். "முழங்கையை மடக்காதே. இன்னும் வேகமா. என்னப்பா, சப்பாணி மாதிரி?" சாயங்காலம் எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள். அவருக்கும் கொடுத்தார்கள். பச்சைக் கைப்பட்டை ஒன்றும் கிடைத்தது. அதை மட்டும் மாட்டிவிடச் சொல்லி அவர் யாரிடமும் விரல் நீட்டவில்லை, தானே மாட்டிக்கொண்டார்.

அதோடு நிற்கவில்லை. நின்றுபோன இதயத்துக்கு ஷாக் கொடுக்கிற சின்ன மெஷின் ஒன்றை வாங்கி உணவறைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். பெட்டியைத் திறந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அதுவே வாய்விட்டுச் சொல்லும். விரலாருக்கு அது பொறுக்கவில்லை. அந்த வாரமே கழற்றி, ஸ்டோரில், இரும்பு அலமாரியில், பூட்டுப் போட்டு வைத்தார்.

"கண்டவன் நோண்டுவான். பத்திரமா இருக்கட்டும்."

"மாமா, தீப்பிடிச்சா மணல் வாளியையும் உள்ளே வெச்சுப் பூட்டிடுவீங்களா?" என்றான் மச்சினன்.

"அதையும் யோசிச்சிட்டுதான் இருக்கேன்."

வீட்டிலும் ஒரு ஒத்திகை நடந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் மச்சினன் ஏதோ ஜோக் சொல்ல, அவன் அக்காள் சிரிக்க, வாயில் இருந்த கறித்துண்டு தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டது. முகம் சிவந்து இருமுகிறார். விரலார் எழுந்து நின்றார்.

"யாரும் பதறாதீங்க. அடைப்புல ரெண்டு வகை. ஒண்ணு, இரும முடியற அடைப்பு. இன்னொண்ணு…"

இரண்டாம் வகைக்கு வருவதற்குள் கறித்துண்டு பறந்துவந்து அவர் தட்டிலேயே விழுந்தது.

"பாத்தியா? இரும முடிஞ்சா இரும விடணும். அதான் முறை. நான் இரும விட்டேன்."

"நீங்க விடலேன்னா இருமாமலா இருந்திருப்பேன்?" என்றார் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"சரி மாமா, இருமலே வராம இருந்திருந்தா?"

"முதுகுல, ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல, உள்ளங்கையால ஓங்கி அஞ்சு தட்டு. போகலையா, பின்னால நின்னு, தொப்புளுக்கு மேல முஷ்டியை வெச்சு, உள்ளேயும் மேலேயுமா அஞ்சு இழுப்பு. மாத்தி மாத்திச் செஞ்சுக்கிட்டே இருக்கணும்." ஒரு எழுத்துப் பிசகவில்லை. பாடம் அவருக்கு அத்துப்படி, அதில் சந்தேகமே வேண்டாம்.

"யாரு செய்யணும்?"

"நீதான். நான் சொல்றேன்ல?"

இதைக் கேட்டு அக்காளும் தம்பியும் சிரித்த சிரிப்பை அவர் ரொம்ப நாள் மன்னிக்கவில்லை.

பிறகு ஒரு மத்தியானம் வந்தது.

உணவறையில் எல்லோரும் சாப்பிட்டு முடிக்கிற நேரம். மச்சினன் காலையிலிருந்தே தோள் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தான். "கோடு போட்டுப் போட்டு எனக்கே கோடு விழுந்திடுச்சு" என்று சிரித்தான். டப்பாவை எடுத்துக்கொண்டு கைகழுவப் போனவன், குழாய்க்கு நான்கு அடி முன்னால், கால் மடங்கி அப்படியே விழுந்தான். டப்பா மூடி உருண்டுபோய்ச் சுவரில் மோதியது.

"எந்திரிடா மாப்ளே, விளையாடாதே" என்றார் விரலார். எப்போதும் விளையாடுகிறவன்தானே. அருகில் போய்ப் பார்த்தார். கண் பாதி திறந்திருந்தது. அது யாரையும் பார்க்கவில்லை. உதட்டின் நிறம் மாறிக்கொண்டிருந்தது. இவன் அக்காளிடம் என்ன சொல்வேன்? அந்த ஒரு கேள்விதான் தலைக்குள் ஓடியது. பயம் வந்தால் ஒருவன் தனக்குத் தெரிந்ததைத்தானே செய்வான்? விரல் எழுந்தது.

நெட்டையன் அதற்குள் மண்டியிட்டு, நெஞ்சில் கைவைத்துவிட்டான்.

"நீ! கேட்டுக்கு ஓடு! ஆம்புலன்ஸ் வந்தா வழி காட்டணும்!"

"சார், நான் அழுத்த…"

"சொன்னதைச் செய்யி!"

நெட்டையன் எழுந்து ஓடினான். சிரிக்காதீர்கள். விரல் நீண்டால் ஓடிப் பழகிய கால்கள்.

"நீ! போன் பண்ணு!" வேன் டிரைவர் போன் செய்து, ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தார். "ஆச்சா? நீயே வேனையும் வாசலுக்குக் கொண்டா, எதுக்கும் இருக்கட்டும்!" டிரைவர் போனை விட்டுவிட்டு ஓடினார். "கணக்கம்மா, மெஷின்! ஸ்டோர்ல!" அக்கா ஓடினார். "நீங்க ரெண்டு பேரும் வழியில இருக்கிற அட்டைக் கட்டுகளையெல்லாம் நகர்த்துங்க! நீ மேனேஜர்கிட்டே சொல்லு! நீ தண்ணி! நீ விசிறி! நீங்கள்லாம் ஏன் கூட்டம் போடறீங்க, வெளியே போங்க, காத்து வரட்டும்!"

இதைவிடச் சிறப்பாக யாரும் வேலையைப் பிரித்துக் கொடுத்திருக்க முடியாது. ஒரு ஆள் மிச்சமில்லை. ஒரு வேலை மட்டும்தான் மிச்சம்.

உணவறை காலி. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பாதிச் சாப்பாட்டோடு திறந்து கிடந்தன டப்பாக்கள். விரலார் அடுத்த ஆளுக்காக விரலை நீட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார். விரல் சுவரைக் காட்டியது, நாற்காலியைக் காட்டியது, கடைசியில் தரையில் கிடந்தவனைக் காட்டியது.

"சார், கேக்குதா?" தரையில் கிடந்த போனிலிருந்து ஒரு பெண் குரல். "அவர் மூச்சு விடறாரா?"

"விடறான்மா. இழுத்து இழுத்து எப்பவாவது ஒண்ணு விடறான்."

"அது மூச்சு இல்ல சார். இதயம் நின்னாலும் கொஞ்ச நேரம் அப்படி இழுக்கும். யாராவது நெஞ்சை அழுத்தறாங்களா?"

"ஆள் அனுப்பியிருக்கேன்மா."

"எங்கே?"

"எல்லா இடத்துக்கும்."

"அவர் பக்கத்துல இப்ப யார் சார் இருக்காங்க?"

விரலார் மறுபடி ஒரு தடவை அறையைப் பார்த்தார். "நான்தான்."

"அப்ப நீங்கதான் சார். மண்டி போடுங்க."

"எனக்கு முட்டி வலிம்மா."

"அவருக்கு இதயமே நின்னுடுச்சு சார்!"

மண்டியிட்டார். முட்டி வலித்ததா என்று பிறகு அவரால் சொல்ல முடியவில்லை. நெஞ்சின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகம், அதன்மேல் மற்றக் கை, முழங்கை நேராக. எல்லாம் தெரியும், எத்தனை பேரை இதற்காகத் திட்டியிருக்கிறார்! அழுத்தினார். பசை காய்ந்ததா என்று தொட்டுப் பார்ப்பது மாதிரி இருந்தது அந்த அழுத்தல்.

"பலமா சார்! ரெண்டு அங்குலம் உள்ளே போகணும்!"

"வலிக்குமேம்மா."

"வலிச்சு எந்திரிச்சுத் திட்டினா சந்தோஷப்படுங்க. அழுத்துங்க! நான் எண்றேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு…"

உடம்பு முழுவதையும் போட்டு அழுத்தினார். உள்ளே ஏதோ மளுக்கென்றது.

"ஐயோ, எலும்பு உடைஞ்சிடுச்சு!"

"எலும்பு ஒட்டிக்கும். நிறுத்தாதீங்க! ஒண்ணு, ரெண்டு…"

ஒரு நிமிடத்திலேயே அவருக்கு மூச்சு வாங்கியது. வியர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டி மச்சினன் சட்டையில் விழுந்தது. பொம்மைக்கு முகம் இருந்தது, தழும்பு இல்லை. இவன் தாடையில் அந்தத் தழும்பு, ஒவ்வொரு அழுத்தலுக்கும் மேலும் கீழுமாக ஆடியது. மிதிடா, மிதி. கேட்டுக்கு இந்தப் பக்கம் நிற்க இப்போது இடமில்லை. "எந்திரிடா, டேய், எந்திரிடா" என்று எண்ணிக்கைக்கு நடுவே அவர் வாய் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஆட்கள் ஏன் வரவில்லை? தண்ணீருக்குப் போனவன் டம்ளர் தேடிக்கொண்டிருந்தான். மேனேஜரிடம் போனவன் கதவைத் தட்டிவிட்டு, உள்ளே வரலாமா என்று காத்திருந்தான். கணக்கு அக்காதான் முதலில் திரும்பி வந்தார், வெறுங்கையோடு.

"சார்! பூட்டியிருக்கு! சாவி!"

கையை எடுக்க முடியாது. "இடுப்புல! எடுத்துக்கோ!"

அக்கா குனிந்து, ஆடிக்கொண்டிருந்த இடுப்பிலிருந்து கொத்தைப் பிடுங்கினார். "இதுல எது?"

"சின்னது! பித்தளை!"

"எல்லாமே சின்னது! எல்லாமே பித்தளை! நல்லா இருங்க சார் நீங்க!" அக்கா ஓடினார். பிறகு தெரிந்தது, அவர் சாவி எதையும் போட்டுப் பார்க்கவே இல்லை. தீயணைப்பு உருளையைத் தூக்கிப் பூட்டின்மேல் போட்டார். இரண்டாவது போடில் பூட்டு தெறித்தது.

கேட்டில் நின்ற நெட்டையன், ஏவப்பட்டவர்கள் அத்தனை பேரும் வெளியே அலைவதைப் பார்த்து, அப்படியானால் உள்ளே யார் என்று யோசித்து, அந்தத் தொழிற்சாலை வரலாற்றிலேயே முதல் தடவையாகச் சொல்லாமல் திரும்பி வந்தான். "மாறுங்க சார், நான் பாத்துக்கறேன்." விரலார் பக்கவாட்டில் சரிந்து உட்கார்ந்து அழுதார்.

மெஷின் வந்தது. பெட்டியைத் திறந்ததும், "நெஞ்சில் ஒட்டுங்கள்" என்றது. ஒட்டினார்கள். "யாரும் தொடாதீர்கள்" என்றது. விரலார் உட்பட எல்லோரும் கையை எடுத்தார்கள். அந்த இடத்தில் அவரைவிட அதிகாரமாகப் பேசுகிற ஒன்றை அன்றுதான் கேட்டார்கள். உடம்பு ஒரு தூக்குத் தூக்கிப் போட்டது. "அழுத்துவதைத் தொடருங்கள்" என்றது. நெட்டையன் தொடர்ந்தான். ஆம்புலன்ஸ் வழி கேட்காமலே வந்து சேர்ந்தது.

பிழைத்துவிட்டான். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்; ஆனால் அந்த உணவறையில் யாருக்கும் அதை முதலிலேயே யாரும் சொல்லவில்லை. நீங்களும் கொஞ்சம் தவிக்க வேண்டியதுதான்.

மருத்துவமனையில், தலையணையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு சாய்ந்திருந்தான் மச்சினன். இருமினால் உடைந்த விலா குத்தும். பார்க்க வந்தவர்களுக்கு விரலார் கட்டில் ஓரம் நின்று விளக்கினார். "விழுந்த உடனே ஆளுக்கொரு வேலையா பிரிச்சுக் குடுத்துட்டேன். ஒருத்தன் கேட்டு. ஒருத்தர் போன். ஒருத்தர் மெஷின். ஒரு குழப்பம் இல்ல. நான் மட்டும் அங்கே இல்லேன்னா…" மண்டியிட்டதை மட்டும் அவர் சொல்லவில்லை. அழுததையும் சொல்லவில்லை. சொல்வதற்கு உருப்படியாக இருந்தது அது ஒன்றுதான். அதைத்தான் அவர் கௌரவக் குறைச்சல் என்று நினைத்தார்!

அவர் மனைவி ஆரஞ்சு உரித்துக்கொண்டே கேட்டார். "அந்த மெஷினை யாருங்க பூட்டி வெச்சது?"

விரல் எழவில்லை. யாரைக் காட்டுவது?

"விடுக்கா" என்றான் தம்பி, தலையணையை இறுக்கிக்கொண்டு. "மாமா, அடுத்த தடவையும் இப்படியே எல்லாரையும் வெளியே அனுப்பிடுங்க. அப்பதான் நீங்க கையை வைக்கறீங்க."

சிரித்தான். வலித்தது. மறுபடியும் சிரித்தான்.

திருந்தினாரா என்று கேட்கிறீர்களா? மெஷின் மறுபடி உணவறைச் சுவருக்கு வந்தது. அடுத்த நாள் அதன் கீழே ஒரு அட்டை தொங்கியது: "அனுமதியின்றித் தொடக் கூடாது." கணக்கு அக்கா அதைக் கிழித்துக் குப்பையில் போட்டார். நர்ஸம்மா மறுபடி வந்தபோது விரலார் மண்டியிட்டு அழுத்தினார் என்பது உண்மை. அழுத்திக்கொண்டே, பக்கத்தில் நின்றவனைப் பார்த்து, ஃபேனைக் கூட்டி வைக்கச் சொன்னார் என்பதும் உண்மை.

இவ்வளவு நேரம் இதைப் படித்தீர்கள். உங்களுக்குத் தெரிந்த ஒருவர் நினைவுக்கு வந்திருப்பார். அலுவலகத்தில் இருக்கலாம், எதிர் வீட்டில் இருக்கலாம், சொந்தத்தில் ஒரு சித்தப்பாவாக இருக்கலாம். "அடடா, இதை அவர் கட்டாயம் படிக்கணுமே, அந்தப் பயிற்சிக்கும் அவரை அனுப்பணுமே" என்று மனதுக்குள் முடிவே செய்துவிட்டீர்கள், இல்லையா?

நீங்கள் எப்போது கடைசியாக மண்டியிட்டு ஒரு பொம்மையின் நெஞ்சை அழுத்திப் பார்த்தீர்கள்?

அந்த விரலை மடக்குங்கள்.